கூரைக்கு என்ன மரம்? "தேக்கு" என்று சொல்லுமுன் ஒரு நிமிடம்

மாமாட கார் இரண்டு வருசமா கிடுகுக் கொட்டிலுக்குள்ளதான் நிக்குது. 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ட்ரவலர். முன்பாதி இரும்பு, பின்பாதி மரம். என்ஜின் இன்னும் ஓடும். ஓடாமல் நிற்பதற்குக் காரணம் கூரை. போன மாரிக்கு உள்ளுக்க தண்ணி ஒழுகத் தொடங்கியது. அலுமினியத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அதைத் தாங்கிய சட்டம் ஸ்பொஞ்ச் மாதிரி விரலுக்குள் நசுங்குது. ஒரு பக்கம் உக்கல், மறுபக்கம் கறையான்.

சரி, மரத்தை மாத்துவம் என்று நானும் மச்சானும் இறங்கினோம். என்ன மரம் என்ற கேள்வியை நாலு பேரிடம் கேட்டது எங்கட பிழை. கொழும்பில் இருக்கிற கார் பிரியர் ஒருவர், "இங்கிலாந்திலிருந்து ஆஷ் மரச் சட்டம் எடுப்பியுங்க, இல்லாட்டி காருக்குப் பெறுமதி இல்ல" என்றார். மரக்காலைக்காரர், "தேக்கு போடுங்க தம்பி, அதுக்கு மேல மரம் இல்ல" என்றார். கராஜ்காரர், "மரத்த விடுங்க, ஒன்றரை இஞ்சி பொக்ஸ் பார் அடிச்சி வெல்ட் பண்ணினா ரெண்டு நாளில வேல முடியும்" என்றார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரின் பதிலோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம், விசயம் கடைசியில் காரைப் பற்றியது மட்டும் இல்லை.

முதலில், அவன் ஏன் ஆஷ் போட்டான் என்று பார்ப்போம்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். ட்ரவலர் என்ற இந்த மர உடம்பு 1953இல் வந்து 1971 வரை உற்பத்தியில் இருந்தது. இதில் மரம் வெறும் அலங்காரம் இல்லை. பின்பக்கத்துக் கூரையையும் கண்ணாடியையும் கதவையும் பிடித்து வைத்திருப்பதே அந்தச் சட்டம்தான். பிரித்தானியாவில் வாகனத் தகுதிப் பரிசோதனையில் இந்த மரம் உக்கியிருந்தால் இரும்புச் சட்டம் கறல் பிடித்ததைப் போலவே கணக்கெடுத்து காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆஷைத் தெரிந்தெடுத்ததற்கு அதன் அழகு காரணம் இல்லை, நீடித்து நிற்கும் என்பதும் காரணம் இல்லை. உண்மையில் ஆஷ் ஈரத்துக்கு மிகவும் பலவீனமான மரம். மரங்களை உக்கலுக்குத் தாக்குப்பிடிக்கும் அளவை வைத்து ஐரோப்பாவில் ஐந்து வகுப்பாகப் பிரிப்பார்கள். ஆஷ் ஐந்தாம் வகுப்பு, அதாவது கடைசி வாங்கு. ஆனால் அதற்கு வேறு குணங்கள் உண்டு. ஆவியில் வேகவைத்தால் நல்லா வளையும். அடி விழுந்தால் வெடிக்காமல் உள்வாங்கும். அதனால்தான் மண்வெட்டிப் பிடிக்கும் கோடரிப் பிடிக்கும் அங்கே ஆஷ். திருகாணியை விடாமல் பிடிக்கும். எடையும் அளவானது, ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 700 கிலோ.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். இங்கிலாந்தில் மோட்டார் கார் வருவதற்கு முன் குதிரை வண்டி செய்தவர்கள் கையில் இருந்த மரம் ஆஷ். கார் வந்தபோது அதன் உடம்பைக் கட்டியவர்களும் அதே வண்டித் தச்சர்கள்தான். மோர்கன் கம்பனி இன்றைக்கும் தன் கார்களின் உடம்புச் சட்டத்தை ஆஷில்தான் செய்கிறது. (அடிச்சட்டமே மரம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அது கதை. அடிச்சட்டம் உலோகம், அதன் மேலே இருக்கிற கூடுதான் மரம்.) அதாவது, தங்கள் ஊரில் வளர்ந்த, தங்கள் தச்சனுக்குக் கைவந்த, வண்டிக்குப் பழகிய மரத்தை அவர்கள் எடுத்தார்கள்.

இப்போது கேள்வியைத் திருப்பிக் கேட்போம். எங்கள் ஊரில் வளர்கிற, எங்கள் தச்சனுக்குக் கைவந்த, வண்டிக்குப் பழகிய மரம் எது?

இந்தக் கேள்வியை மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

இங்கிலாந்து ஆஷ் எடுப்பிப்பதை முதலில் பார்ப்போம். செலவை விடுங்கள். 2012இல் பிரித்தானியாவில் ஆஷ் மரங்களைக் காயவைத்துக் கொல்லும் ஒரு பங்கசு நோய் உறுதிப்படுத்தப்பட்டது. அன்றிலிருந்து அங்கே ஆஷ் காடுகள் பட்டுக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட மரத்தை ஆறாயிரம் கடல் மைல் தாண்டிக் கொண்டுவந்து, வாவிக்கரையில், கறையான் புற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறோம். முதல் போட்ட ஆஷ் இங்கே இத்தனை காலம் தாங்கியதே பெரிய விசயம். திரும்பவும் அதையே போட்டால் திரும்பவும் அதேதான் நடக்கும்.

பொக்ஸ் பார் வெல்டிங்? இதைச் சொன்னவரை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எங்கள் கராஜ்களின் திறமையே இல்லாததை வைத்து ஓட்டுவதுதான். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஒஸ்டினையும் மொரிஸையும் கொஞ்சம் பெற்றோல் காட்டி உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்களின் வாரிசுகள் இவர்கள். ஆனால் இந்த இடத்தில் இரும்பு சரிவராது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். குழாய் இரும்புக்குள் உப்புக்காற்று புகுந்தால் உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ற் பளபளக்கும். அதற்கு மேலே அலுமினியத் தகடு. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரத் தொடங்கும். பிறகு, இந்தக் கார் ரோட்டில் போகும்போது பின்னுடம்பு கொஞ்சம் நெளிந்து கொடுக்கிற மாதிரிக் கட்டப்பட்டது. மரம் நெளியும். வெல்ட் பண்ணிய சட்டம் நெளியாது, தகட்டைத்தான் கிழிக்கும்.

அடுத்தது தேக்கு. இதில்தான் எனக்கு வீட்டுக்குள்ளேயே சண்டை. எங்கள் ஆட்களுக்குத் தேக்கு மரம் ஒரு சாமி மாதிரி. சீதனக் கட்டிலா, தேக்கு. கதவு நிலையா, தேக்கு. தேக்கின் நல்ல குணங்களை நான் மறுக்கவில்லை. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் லேசில் தொடாது. மாரிக்கு ஊதி, கச்சான் காற்றுக்குச் சுருங்கும் அளவு மற்ற மரங்களைவிடக் குறைவு. தண்ணி தேங்கி நிற்கிற கீழ்ச் சட்டத்துக்கும், கண்ணாடி ஓடுகிற தவாளிக்கும் தேக்கு போட்டால் நான் கைதட்டுவேன்.

ஆனால் கூரை வளைவு வேறு வேலை. தேக்கு ஆஷைப்போல ஆவிக்கு வளைந்து கொடுக்காது. அடியை உள்வாங்கும் குணமும் அதற்குக் குறைவு. அதில் இருக்கிற எண்ணெய்த்தன்மை பசையை ஒட்ட விடாது. மெல்லிய கீற்றாக அறுத்து ஒட்டி வளைப்பதென்றால், ஒட்டுமுன் அசெற்றோன் போட்டுத் துடைக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, இன்று மரக்காலையில் "தேக்கு" என்று விற்கப்படுவதில் பாதி வெள்ளை. வெளிவட்டத்து வெள்ளைப் பகுதிக்குத் தேக்கின் பெயர் இருக்கும், பலம் இருக்காது. கறையானுக்கு அது பாயாசம். காசு கொடுத்து ஒரு பெயரை வாங்குவதுதான் மிச்சம்.

பாலை, முதிரை போடலாமா என்று கேட்ட நண்பனுக்கு ஒரு கணக்கு. நாலடி நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு உள்ள ஒரு சட்டம் ஆஷில் ஏறத்தாழ 1.1 கிலோ. பாலையில் 1.6 கிலோவுக்கு மேல். ஆறு சட்டத்துக்கு மூன்று கிலோ வித்தியாசம். பாரம் பெரிய பிரச்சினை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரச்சினை என்னவென்றால் பாலை கல் மாதிரி. துளை போடாமல் திருகாணி இறங்காது, இறங்கினால் சிறு சட்டம் பிளக்கும். வீட்டு வளைக்கு அது ராசா. கார் கூரைக்கு இல்லை.

சரி, எங்கட வண்டி மரம் என்ன?

இதற்குப் பதில் தேடி நான் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன். மாட்டு வண்டி செய்த ஓடாவியார் ஒருவர் அங்கே இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு, விழுந்து கிடந்த மரங்களை அறுக்கப்போன இடத்தில்தான் மரம் பார்க்கப் பழகியதாகச் சொன்னார். "பள்ளிக்கூடம் பறந்திட்டு மனே, மறுகா எனக்கு மரம்தான் பள்ளிக்கூடம்" என்று சிரித்தார்.

காரின் படத்தைக் காட்டினேன். கன நேரம் பார்த்தார். கூரையின் மூலை வளைகிற இடத்தில் விரலை வைத்து, "இது வட்டையல்லோ" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டிச் சில்லில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், வெளியே சுற்றி வட்டை. வட்டையை ஒரே மரத்தில் வட்டமாக வெட்டமாட்டார்கள். வெட்டினால் நார் குறுக்கே ஓடும் இடத்தில் முறியும். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் நார் வளைவோடு ஓடுகிற மாதிரித் தெரிந்தெடுத்து, முனைகளைப் பொருத்திச் சேர்ப்பார்கள். கார்க் கூரையின் மூலையிலும் அதே பிரச்சினைதான், அதே தீர்வுதான். இங்கிலாந்துத் தச்சன் செய்ததும் அதுதான். நான் இணையத்தில் மூன்று இரவு தேடியதை அவர் ஒரு சொல்லில் சொல்லி முடித்தார்.

"என்ன மரம் போடலாம்?"

"வளைவுக்குப் பூவரசு. நீட்டுக்குச் சாவண்டலை."

பூவரசு! இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே பூவரசு. வேலியில் நட்டுவிட்டு மறந்துபோகிற மரம். சிங்களத்தில் சூரிய. எங்கள் கரையோர மணலிலும் உப்பிலும் தானாக வளரும். வண்டி உறுப்புக்கும் துப்பாக்கிப் பிடிக்கும் தோணி வங்குக்கும் ஒரு காலத்தில் தேடி எடுத்த மரம். எடை ஆஷுக்குக் கிட்ட. வைரப் பகுதி ஈரத்துக்கும் பூச்சிக்கும் நல்லாத் தாக்குப்பிடிக்கும். குறை என்னவென்றால் நேராக வளராது, நீளமான பலகை எடுக்க ஏலாது. அதனால்தான் மரக்காலையில் அது இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது நீளப் பலகை இல்லையே, வளைந்த குட்டைத் துண்டுதானே! ஆவியில் வேகவைத்து வளைக்கத் தேவையில்லாமல், மரமே வளைத்து வைத்திருக்கிறது. கோணல் என்று ஒதுக்கிய மரம், கோணல் என்பதாலேயே பொருந்துகிறது.

சாவண்டலையின் கதை இன்னும் பெரிசு. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில மர வியாபாரத்தில் இதன் பெயரே "திருகோணமலை மரம்". பக்கத்து மாவட்டத்தின் பெயர்! சென்னைக் கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில் அலையை உடைத்துக்கொண்டு ஆட்களை இறக்கிய மசூலாப் படகுகள் இந்த மரத்தில் கட்டப்பட்டவை என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். பீப்பாய், துடுப்பு, வண்டி ஏர்க்கால் எல்லாம் இதில்தான். நேரான நார், நெளிந்து கொடுக்கும், லேசில் பிளக்காது. ஆஷைவிடப் பாரம் கூட, குணத்தில் சொந்தக்காரன்.

இங்கேதான் எனக்கு ஒரு சோதனை வந்தது.

சாவண்டலை எங்கே எடுப்பது? காட்டு மரம் வெட்ட, ஏற்றிப்போக அனுமதிப்பத்திரம் வேண்டும். "பேர்மிட் இல்லாம ராவோட ராவா இறக்கித் தாறன்" என்று சொல்லவும் ஆள் உண்டு. ஒரு பொழுதுபோக்குக் காருக்காகக் காட்டை அழிப்பதற்கு நான் தயாரில்லை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. (வீட்டு வளவில் நிற்கிற பலாவைக்கூட நினைத்தபடி தறிக்க ஏலாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதி கேட்கிறது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.)

அப்போது ஓடாவியார் வளவின் மூலையைக் காட்டினார். வேப்பமரத்துக்குக் கீழே அவர் செய்த ஒரு வண்டி. ட்ரக்டர் வந்தபிறகு அது வயலுக்குப் போகவில்லை. ஏர்க்கால் இரண்டும் சாவண்டலை, முப்பது நாற்பது வருசம் காய்ந்த மரம். "கொண்டு போங்க தம்பி. இனி இது ஆருக்கு? விறகுக்குத்தான்."

மச்சான் அந்த இடத்திலேயே சந்தோசத்தில் துள்ளினான். நானும்தான். காய்ந்த மரம், களவில்லாத மரம், காசும் இல்லை. திரும்பி வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது.

பர்மிங்ஹாமுக்கும் ஒக்ஸ்போர்ட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் இலட்சக்கணக்கில் செய்த காரில் ஒன்று. அதற்கு நாங்கள் "விண்டேஜ்" என்று பெயர் வைத்திருக்கிறோம். (சரியாகப் பார்த்தால் விண்டேஜ் என்பது 1930க்கு முந்திய கார்களுக்குத்தான். 1959 கார் "கிளாசிக்".) அதைக் காப்பாற்ற, எங்கள் ஆள் ஒருவர் கையால் செய்த, அந்தக் கையோடு முடிந்துபோகப் போகிற ஒரு வண்டியை அறுக்கப் போகிறோம். கார் என்றால் மரபுரிமை, வண்டி என்றால் விறகு. இந்தக் கணக்கை எங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

அடுத்த கிழமை போய் வண்டி வேண்டாம் என்று சொன்னேன். ஓடாவியார் ஒரு மாதிரிப் பார்த்தார், படிச்ச பொடியன்களின் விசர் என்று நினைத்திருப்பார். நீட்டுச் சட்டத்துக்கு, இடித்த பழைய வீடொன்றின் தேக்கு வளையைக் காசு கொடுத்து வாங்கினோம். ஆணித் துளைகளைத் தள்ளிவிட்டு, வெள்ளை இல்லாத துண்டாகப் பார்த்து அறுப்பித்தோம். நீட்டுக்கு வளைய வேண்டிய தேவை இல்லை என்பதால் அங்கே தேக்கு சரி. தேக்கோடு எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

வளைவுக்குப் பூவரசு. அம்மம்மாட வளவு வேலியில் நின்ற ஒன்றின் இரண்டு கொப்பு. காரிலிருந்து கழற்றிய பழைய மூலைத் துண்டுகளை மட்டைத் தாளில் கீறிக்கொண்டு போய், மரத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, பொருந்திய கொப்பைத்தான் தறித்தோம். முனைக்குப் பெயின்ற் அடித்து, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கியிருக்கிறது. முனையை மூடாவிட்டால் அந்தப் பக்கத்தால் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் என்பது பழைய கணக்கு. எங்களுடையது ஒன்றரை அங்குலம். ஆகவே அடுத்த மாரியும் கார் கொட்டிலுக்குள்தான்.

வேலையைத் தொடங்கும் மற்றவர்களுக்குச் சில விசயம். இரும்பு ஆணி வேண்டாம், கறல் ஊதி மரத்தைப் பிளக்கும். பித்தளை அல்லது கறல் பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள், தகட்டைத் தொடும் இடத்தில் சீலன்ட் வையுங்கள். பொருத்துமுன் எல்லாப் பக்கத்துக்கும், முக்கியமாக முனைகளுக்கும் மூட்டுகளுக்கு உள்ளேயும், வார்னிஷ் கொடுங்கள். வெளியே மட்டும் பளபளப்பாகப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு உக்கும். எங்கள் கூரை போனதே அப்படித்தான்.

"ஆஷ் இல்லாட்டி ஒரிஜினல் இல்லயே, விற்கேக்க விலை போகாதே" என்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும்வரை பழைய கார்களுக்கும் நல்ல விலை இருந்தது. கொழும்புக்கு விற்று வீடு கட்டியவர்களும் இருக்கலாம், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. விற்பதற்காகச் செய்பவர் ஆஷ் போடட்டும். ஆனால் ஓடுவதற்காகச் செய்பவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரிஜினல் என்பது மரத்தின் பெயரில் இல்லை. பக்கத்தில் வளர்கிற மரத்தை, பக்கத்தில் இருக்கிற தச்சனின் கையால், வேலைக்கு ஏற்றபடி தெரிந்தெடுப்பதுதான் இந்தக் காரைச் செய்தவன் செய்தது. அதை அப்படியே நாங்களும் செய்கிறோம். யாழ்ப்பாணத்துத் தட்டிவானும் இப்படித்தானே பிறந்தது? சீமையிலிருந்து வந்தது அடிச்சட்டமும் என்ஜினும், மேலே மர உடம்பு கட்டியது எங்கள் ஆட்கள். அதை யாரும் போலி என்று சொன்னதில்லை. 1990களில் இங்கிலாந்துக்காரர் சார்ல்ஸ் வெயரின் முயற்சியில் மொரிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் இந்த இலங்கையில் செய்து அங்கே போனதும் நடந்திருக்கிறது. எங்கள் கையை நாங்களே நம்பாமல் இருப்பதுதான் வேடிக்கை.

காரைவிட எனக்கு இப்போது வேறு கவலை. பூவரசு காய ஒன்றரை வருசம். ஓடாவியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மகன் கட்டாரில், பேரன் ரியூசனில். வட்டை மூட்டு எப்படிப் போடுவது என்று கேட்டால், "காட்டினாத்தான் விளங்கும்" என்கிறார். அதனால் மரம் காயும்வரை காத்திருக்காமல், சனிக்கிழமைகளில் மச்சானும் நானும் படுவான்கரைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். வேப்பமரத்தடி வண்டியில் ஒரு சில்லு ஆடுகிறது. முதலில் அதைத் திருத்தச் சொல்லியிருக்கிறார். வட்டையில் மூன்று துண்டு போய்விட்டது.

கூட வர விருப்பமுள்ள ஆட்கள் சொல்லுங்கள். உளி இருந்தால் கொண்டு வாருங்கள், அவரிடம் இருப்பதைத் தொட விடமாட்டார்.